நாமும் நாங்களும்

மலர்க்குழுவினர் எம்மை அணுகிக் கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டியபோது, தமிழாசிரியர் எழுதத்தக்கன எனப் பலரும் எதிர்பார்க்கும் பொருள்கள் சில அவர்கள் நாவிலே ஆயத்தமாக இருந்தன. சங்கச் சான்றோர், நாவலர் பெருமானின் உரைநடை, கல்லூரியில் தமிழ் வளர்ந்த வரலாறு என்பன அவை. அவற்றை எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். யாம் எழுதப் புகுந்ததோ கனடா நாட்டு ஆதிக்குடிகளுள் ஒரு சாராரின் கலையும், அக்கலை இக்காலக் கணினியோடு கூடிய வகையும் பற்றியது. இப்பொருளுக்கும் உமக்கும் யாது தொடர்பு என வினவுவார்க்கு, இஃது ஒரு கடன் என்பதே எம் விடை. நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவருக்கு யாம் பட்ட கடன் அது. அது கடன் என்பது எமக்கு விளங்குதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன.

2003 ஆம் ஆண்டு அது. போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 பாதை திறந்து ஓராண்டு கடந்திருந்தது. தெற்கிலிருந்து வந்திறங்கிய பொருள்களுள் கணினியும் ஒன்று. யாம் பயிற்சிக் கலாசாலையை விட்டு வந்து ஈராண்டே ஆகியிருந்தோம். சான்றிதழின் மை உலராத மிடுக்கு எம்மிடம் நிரம்ப இருந்தது. பத்தாம் வகுப்பு மாணவருக்கு, தத்தம் ஊரில் வழங்கும் நாட்டார் கதை ஒன்றைத் திரட்டி எழுதி வருமாறு ஒப்படை கொடுத்தோம். எல்லாரும் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தனர். ஒருவர் மட்டும் இறுவட்டு ஒன்றைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். நெடுந்தீவிற் பிறந்த தம் அம்மம்மா சொல்லிய கடற்கதை ஒன்றை அவர் குரலிலேயே பதிவுசெய்து, தாமே கணினியில் வரைந்த படங்கள் அக்குரலுக்கேற்ப அசையுமாறு அமைத்திருப்பதாகக் கூறினார். யாம் அதனைப் போட்டும் பார்த்திலோம். "தம்பி, இது விளையாட்டு; தமிழ்ப் பாடம் அன்று. கொப்பியில் எழுதிக்கொண்டு வாரும்" என்றோம். வகுப்பு நகைத்தது. மறு கிழமை அவர் ஏதோ ஓர் அச்சுப் புத்தகத்திலிருந்து ஒரு கதையைப் படியெடுத்துக்கொண்டு வந்தார். யாமும் 'நன்று' எனக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.

2018 செப்ரெம்பரில், மருமகளின் மணவினைக்காக விடுப்புப் பெற்று ரொறன்ரோ நகருக்குச் சென்று, ஸ்காபரோவிலுள்ள தமக்கையார் இல்லத்திலே தங்கியிருந்தோம். மணவினைக்கு வந்திருந்தோருள் அப்பழைய மாணவரும் ஒருவர். கணினித் துறையில் நல்ல நிலையில் இருந்தார். "சேர், உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும்" என்று மறுநாள் எம்மை அழைத்துச் சென்றார். நகர மண்டபத்தின் முன்னே நேதன் பிலிப்ஸ் சதுக்கம் என்னும் பரந்த முற்றம் ஒன்று உண்டு. வளைந்த இரு கோபுரங்கள் பின்னே நிற்க, முன்னே நீர்த்தடாகம் ஒன்று விளங்கும். அங்கே கண்ணை முற்றும் மூடும் கருவி ஒன்றை எம் தலையிற் பொருத்தினார்கள்.

மாணவர் பொருட்டு அக்கருவி தொழிற்படும் முறையைச் சுருக்கிச் சொல்வோம். நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சிறிது வேறுபட்ட இரு கோணங்களிற் காண்கின்றன. அவ்வேறுபாட்டினால் நாம் ஆழத்தை உணர்கின்றோம். இக்கருவி ஒவ்வொரு கண்ணுக்கும் அவ்வாறு சிறிது வேறுபட்ட படத்தை வில்லைகளினூடாகக் காட்டுகின்றது. தலை திரும்பும் திசையை உணரிகள் அளக்கின்றன. அவ்வளவைக்கேற்பக் கணினி செக்கனுக்குத் தொண்ணூறு முறையளவிற் படத்தைப் புதிது புதிதாக வரைகின்றது. ஆதலின் மேலே நோக்கின் வானும், கீழே நோக்கின் நிலமும், பின்னே திரும்பின் பின்னுள்ளதும் தோன்றுகின்றன. காண்பான் காட்சிக்கு வெளியே நில்லாது அதனுள்ளே நிற்கின்றான். இதனை மெய்நிகர்க் காட்சி என்பர்.

யாம் கண்ட காட்சியின் பெயர் 'பீடாபன்: முதல் ஒளி' என்பது. ஆம்ஜிவ்னாங் என்னும் அனிஷினாபே குடியைச் சேர்ந்த லிசா ஜக்சன் என்னும் திரைப்பட இயக்குநர், மத்தியூ பொறெற் என்னும் முப்பரிமாண ஓவியரோடு கூடி, கனடாவின் தேசியத் திரைப்பட அவையின் துணையுடன் அதனை ஆக்கினார். அவ்வாண்டு ஏப்ரிலில் நியூயோர்க்கின் ரிரைபெக்கா திரைப்பட விழாவில் அது முதன்முதல் காட்டப்பட்டது. காட்சி சில நிமிடமே. ஆயினும் அதற்குள் யாம் நின்ற அதே ரொறன்ரோ நகரம் வேறொரு காலத்து நகரமாய் எம்மைச் சூழ்ந்தது. சதுக்கம் நீரில் மூழ்கியிருந்தது. நடைபாதைகளின் வெடிப்புகளினூடே மரங்கள் முதிர்ந்து நின்றன. சுவர்களிற் கொடிகள் படர்ந்திருந்தன. நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தையும் இயற்கை மீட்டுக்கொண்டிருந்தது. மாந்தர் அழிந்தாரல்லர், தோணியில் ஏகினர், மாடங்களின் உச்சியிலே பயிரிட்டனர். அந்நிலத்தின் பழைய மொழிகளாகிய வெண்டாற், மோஹாக், அனிஷினாபே என்னும் மூன்றும் ஒலியாயும் எழுத்தாயும் வெளியிலே மிதந்தன. அழிவைக் காட்டி அச்சுறுத்தும் படங்களை யாம் முன்னர்க் கண்டதுண்டு. இதில் அச்சம் தோன்றவில்லை. வீட்டுக்காரர் வீடு திரும்பியமை போன்றதோர் அமைதியே தோன்றிற்று.

கருவியைக் கழற்றிய பின், பீடாபன் என்பதன் பொருள் யாது என வினவினோம். விடியல் வருகின்றது என்பது அதன் பொருள். அச்சொல்லின் முற்பகுதி பேசுவோனை நோக்கி வருதலைக் குறிக்கும். பிற்பகுதி விடியலைக் குறிக்கும். செலவு, வரவு, தரவு, கொடை எனச் சொற்களின் திசையை ஆராய்ந்த இலக்கணத்தைக் கற்பிப்போமாகிய எமக்கு, விடியலையும் வரவுப் பொருளிற் சொல்லும் மொழி ஒன்று உண்டு என்பது வியப்பைத் தந்தது. அன்று தொடங்கிய ஆர்வமே பின்வரும் செய்திகளை யாம் தேடிப் படித்தற்குக் காரணமாயிற்று.

அனிஷினாபே என்போர் வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சூழ வாழும் மக்கள். ஒஜிப்வே, ஒடாவா, பொற்றவற்றமி முதலிய பல கிளையினர் அப்பெயரால் வழங்குவர். கனடா, ஐக்கிய அமெரிக்கா என்னும் இரு நாடுகளின் எல்லைக்கோடு அவர் நிலத்தினூடே பின்னர் இடப்பட்டது. நம்மவர் பலர் குடியேறியிருக்கும் மிசிசாகா என்னும் நகரின் பெயர் அம்மக்களின் ஒரு கிளையினரது பெயரே. ரொறன்ரோ என்பதும் மோஹாக் மொழியில் நீரிலே மரங்கள் நிற்குமிடம் எனப் பொருள்படும் சொல்லின் திரிபென்பர். ரொறன்ரோ நிலத்தை ஆங்கில அரசு 1787 இல் வாங்கியதாகக் கூறி, 1805 இல் மீண்டும் எழுதுவித்தபோது, மிசிசாகாக் குடியினர்க்குக் கொடுத்த தொகை பத்துச் சிலிங்கு. அவ்வழக்கு 2010 இலேதான் தீர்ந்தது. கனடா அரசு 145 மில்லியன் டொலர் ஈடு வழங்க இசைந்தது. "அண்ணன் மிசிசாகாவில் வீடு வாங்கிவிட்டார்" என்று நம்மூரிற் பெருமை பேசும்போது, அச்சொல் ஒரு மக்களின் பெயர் என்பது எத்துணைப் பேருக்குத் தெரியும்? எமக்கும் அதுவரை தெரியாது.

இனி அவர் மொழியைப் பற்றிச் சிறிது கூறாது செல்லுதல் தமிழாசிரியர்க்கு ஒல்லாது. நாம் பெயர்களை உயர்திணை, அஃறிணை எனப் பகுக்கின்றோம். மக்களும் தேவரும் நரகரும் உயர்திணை. ஏனைய எல்லாம் அஃறிணை. அனிஷினாபே மொழியும் பெயர்களை இரண்டாகவே பகுக்கின்றது. உயிருடையன ஒரு வகுப்பு, உயிரில்லன மற்றொரு வகுப்பு. வினைமுற்றும் அப்பகுப்பிற்கேற்பவே அமையும். ஆனால் அங்கே விலங்கும் மரமும் மட்டுமன்றிக் கல்லும், பனியும், ஞாயிறும், முரசும் உயிருள்ளவற்றோடு வைத்தெண்ணப்படும். கல்லுக்கெல்லாம் உயிருண்டென அவர் நம்புவரோ எனின், அவ்வாறும் அன்று. மானிடவியலறிஞர் ஹலோவெல் முதியவர் ஒருவரிடம் இதனையே கேட்டார். அவர் நெடுநேரம் சிந்தித்து, எல்லாக் கல்லுக்கும் இல்லை, சிலவற்றுக்கு உண்டு என்றார் என 1960 இல் வெளிவந்த கட்டுரையில் எழுதியுள்ளார். இலக்கணம் வாயிலைத் திறந்து வைக்கின்றது. உள்ளே வருவது யாது என்பது அனுபவத்துக்கு உரியது போலும்.

எம்மை மேலும் நிறுத்தியவை இரண்டு. ஒன்று, கதைக்கும் அவர் மொழியில் வகுப்பு உண்டு என்பது. அன்றாடச் செய்தியும் நிகழ்ச்சிக் கூற்றும் டிபாஜிமோவின் எனப்படும். அஃது உயிரில் பெயர். முன்னோர் வழிவந்த தூய கதை ஆடிஸூக்கான் எனப்படும். அஃது உயிருடைப் பெயர். அத்தகைய கதை அவர்க்குப் பொருளன்று. வீட்டுக்கு வரும் மூத்தோரை ஒப்பது. பனி நிலத்தை மூடியிருக்கும் காலத்திலன்றி அதனைச் சொல்லலாகாது என்பது மரபு. மற்றொன்று, தன்மைப் பன்மை பற்றியது. கேட்போரையும் உளப்படுத்தி 'நாம்' என்போம். அவரை விலக்கி 'நாங்கள்' என்போம். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லாதலின், நம் மாணவர் மொழிபெயர்க்கும்போது இடர்ப்படுதல் ஆசிரியர் எல்லாரும் அறிந்தது. அனிஷினாபே மொழியில் 'கீனவிந்த்' என்றால் நாம். 'நீனவிந்த்' என்றால் நாங்கள். கடல்கள் இடைகிடக்க, ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் இவ்வேறுபாட்டைப் பேணின. இதிலிருந்து உறவுமுறை எதனையும் நிறுவ யாம் முயலவில்லை. ஆயினும் இவ்விரு சொற்களைத் துணைக்கொண்டே அம்மக்களின் கலையை யாம் விளங்கிக்கொண்டோம்.

நம் முன்னோர்க்குப் பனையேடு வாய்த்ததுபோல அவர்க்குப் பூர்ச்ச மரத்தின் பட்டை வாய்த்தது. அதனால் தோணி கட்டினர், குடில் வேய்ந்தனர், கலம் தைத்தனர். அப்பட்டைச் சுருள்களிலேயே கூரிய முனையாற் கீறி, மிடேவிவின் என்னும் தம் சமய வைத்திய சபையின் சடங்குகளையும் பாடல்களையும் நினைவூட்டும் உருவங்களை வரைந்தனர். சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள அகாவாப் பாறையிலே செங்காவியால் வரைந்த உருவங்களை இன்றும் காணலாம். நீரடியில் வாழும் கொம்புடைய பெரும்பூனையாகிய மிஷிபெஷுவும் தோணிகளும் அவற்றுள் அடங்கும். பாறை ஓவியம் ஏரிவழிச் செல்வோர் எல்லாரும் காண நின்றது. சுருளோ உரியவரிடத்து மட்டும் விரிந்தது. 'நாம்' என்னும் கலையும் 'நாங்கள்' என்னும் கலையும் அருகருகே வாழ்ந்தன.

இவ்வெல்லையைக் கடந்தவர் நோர்வல் மொறிசோ. ஒன்ராறியோவின் வடபாற் பிறந்து, மரபுப்படி தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தார். சடங்கறிந்த பாட்டனார் சுருள்களின் கதைகளை அவருக்குச் சொன்னார். அக்கதைகளை அவர் பட்டையிலும் தாளிலும் வண்ணத்தால் வரையத் தொடங்கினார். கரிய தடித்த கோடுகள், உடலின் உள்ளுறுப்புகள் புறத்தே தெரியும் விலங்குகள், ஓருயிரையும் மற்றோருயிரையும் பிணைக்கும் இழைகள் என்பன அவர் பாணி. தூய கதைகளைப் புறத்தார்க்குக் காட்டுதல் தகாது எனக் குடியின் முதியோர் சிலர் கடிந்தனர். அவர் நிறுத்தவில்லை. 1962 இல் ரொறன்ரோவின் பொலொக் கலைக்கூடத்தில் நடந்த முதற்காட்சியிலே ஓவியங்கள் எல்லாம் விலைபோயின. 2006 இல் ஒற்றாவாத் தேசியக் கலைக்கூடம் அவர் ஓவியங்களைத் தனிக்காட்சியாக வைத்தது. ஆதிக்குடி ஓவியர் ஒருவர்க்கு அங்கு அச்சிறப்புக் கிடைத்தது அதுவே முதன்முறை. மறு ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் வழிவந்த பாணி 'காட்டுநிலப் பாணி' என ஒரு மரபாகவே வளர்ந்துள்ளது.

மொறிசோ செய்தது சரியோ தவறோ என்பதை யாம் தீர்ப்பதற்கில்லை. மறைந்துபோவதினும் வெளிப்படுதல் நன்று என அவர் கருதியிருக்கக்கூடும். முதியோர் அஞ்சியதற்கும் காரணம் இருந்தது. 2023 மார்ச்சில் ஒன்ராறியோப் பொலிசார் எண்மர்மீது குற்றஞ்சாட்டி, மொறிசோவின் பெயரால் விற்கப்பட்ட போலி ஓவியங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கைப்பற்றினர். ஒரு மக்களின் கதை சந்தைக்குச் சென்றால் அதனை யார் வேண்டுமாயினும் எழுதி யார் பெயரையும் இடலாம் என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மறைந்துபோவது என்றோம். அது தானாக நிகழ்ந்ததன்று. 1880 களிலிருந்து 1990 களின் பிற்பகுதிவரை கனடா அரசும் கிறித்தவச் சபைகளும் நடத்திய வதிவிடப் பள்ளிகளில் 150,000 க்கு மேற்பட்ட ஆதிக்குடிச் சிறார் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டனர். தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். பல்லாயிரவர் துன்புற்றனர், வீடு திரும்பாதோரும் பலர். மொறிசோவும் சிறுவயதில் அத்தகைய பள்ளியொன்றில் இருந்தவரே. 2008 ஜூன் 11 ஆந் திகதி கனடாப் பிரதமர் பாராளுமன்றத்திலே மன்னிப்புக் கோரினார். 2015 இல் உண்மைக்கும் இணக்கப்பாட்டுக்குமான ஆணைக்குழு தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. இவ்வரலாற்றைப் படிக்கும்போது எம்மை உறுத்தியது ஒன்று. அப்பிள்ளைகளின் வாயை அடைத்தவர் படைவீரர் அல்லர், ஆசிரியர். கரும்பலகையின் முன் நின்று, இதுதான் கல்வி, நீ வீட்டிலிருந்து கொண்டுவந்தது கல்வியன்று எனச் சொன்னவர்கள் அவர்கள். எம் சிறு பிழையை அப்பெருங்கொடுமையோடு ஒப்பிடுதல் மிகை என்பதை அறிவோம். எனினும் அம்மேசையும், அதன்மேல் வைக்கப்பட்ட இறுவட்டும், வகுப்பின் நகைப்பும் எம் நினைவிலிருந்து அகல மறுத்தன.

வாயடைக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகளே இன்று கணினியைக் கையில் எடுத்துள்ளனர். லிசா ஜக்சனைக் கூறினோம். கனடாக் கூட்டாட்சியின் நூற்றைம்பதாம் ஆண்டாகிய 2017 இல், இன்னும் நூற்றைம்பது ஆண்டு கழித்து நிலைமை யாதாகும் என்று கற்பனை செய்யுமாறு ஆதிக்குடிக் கலைஞரைக் கேட்டு '2167' என்னும் மெய்நிகர்க் காட்சித் தொகுதி உருவாக்கப்பட்டது. அதிலே ஸ்கொற் பெனசீனாபண்டன் என்னும் அனிஷினாபே கலைஞரின் படைப்பு, செவ்வாயின் வானத்தின் கீழ் நீலப்பழப் பணியாரம் எனப் பொருள்படும் பெயருடையது. அப்பெயரின் நகைச்சுவை மொழியறிந்தார்க்கே புலனாகும். நீலப்பழம் இட்டுச் சுடும் அப்பணியாரத்துக்கு அனிஷினாபே மொழியிலுள்ள சொல், பழம், காய்ச்சிய பாகு, அடுக்கு, மூடிய முகம், அப்பம் என உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒரு முழுச் செய்முறையாகவே நீள்வது. ஒட்டுநிலை மொழிக்கு இதனினும் இனிய எடுத்துக்காட்டு யாம் கண்டிலோம். செவ்வாய்க்குச் சென்றாலும் அம்மம்மாவின் அடுக்களைச் சொல் உடன்வரும் என்று அவர் கூறுவதாக யாம் கொள்கின்றோம்.

இன்னும் சில உள. 2016 இல் வெளிவந்த 'நீரைப் போற்று' என்னும் பாட்டு விளையாட்டிலே, ஓஷ்கி கீஷிக் பாடகர் குழுவினரின் அனிஷினாபே நீர்ப்பாடல்களைக் கேட்டுக் கற்று உடன்பாடலாம். 2019 இல் வெளிவந்த 'ஆறுகளே வழிகளாய் இருந்தபோது' என்னும் கணினி விளையாட்டு, 1890 களில் நிலப்பங்கீட்டுச் சட்டத்தால் மினசோற்றாவிலிருந்து வெளியேற்றப்பட்ட அனிஷினாபே ஒருவர் கலிபோர்ணியாவரை செல்லும் பயணத்தைச் சொல்வது. வழியில் அவர் காணும் ஒவ்வொரு குடியினரின் பகுதியையும் வெளியார் ஒருவர் எழுதிவிடவில்லை. இருபதுக்கு மேற்பட்ட ஆதிக்குடி எழுத்தாளர்கள் எழுதினர். அப்பண்பையே யாம் பெரிதாக மதிக்கின்றோம்.

இங்கே ஓர் ஐயம் எழும். பனிக்காலத்தில் மட்டும் சொல்லத்தக்க கதையை எக்காலத்தும் இயங்கும் கருவிக்குள் இடலாமா? முதியவர் முகம் பார்த்து, கேட்போரின் வயதும் பக்குவமும் அறிந்து சொல்லிய கதையைக் கண்ணை மூடிய தனியொருவன் காண்பது அக்கதையாகுமா? கல்லூரி இளைஞர் சிலர் கருவியைக் கண்டு மயங்கி எல்லாவற்றையும் அதற்குள் இடுக என்பர். முதியோர் சிலர் கருவி என்ற அளவிலே முகம் சுளிப்பர். யாம் முன்னர் இரண்டாம் வகுப்பினேம். இப்போது யாம் கருதுவது இது. கருவிக்குப் பருவம் தெரியாது. அதனை ஆக்குவார்க்குத் தெரிதல் வேண்டும். எதனை 'நாம்' என்று உலகுக்குக் காட்டலாம், எதனை 'நாங்கள்' என்று உள்ளே வைத்துப் பேண வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை கதைக்கு உரியவரிடம் இருக்குமாயின், பூர்ச்சப் பட்டையும் ஒரு கருவியே, பனையேடும் ஒரு கருவியே, கணினியும் ஒரு கருவியே. அவ்வுரிமை அவர் கையை விட்டுப் போயின் அருங்காட்சிச் சாலையின் கண்ணாடிப் பேழையும் சிறையே. எம் பிழை கருவியை வெறுத்தமை மட்டுமன்று. அது யாருடைய கதை, யாருடைய குரல் என ஒரு சொல்லும் கேளாமையே பெரும்பிழை.

சதுக்கத்துக்கு அணித்தான ஒஸ்கூட் நிலையத்தில் ரெயில் ஏறித் திரும்பும்போது அம்மாணவரிடம் அதனைக் கேட்டோம். "அந்தக் கதை என்னவாயிற்று?" அவர் முதலில் விளங்காதவர்போல் எம்மைப் பார்த்தார். பின்னர் மெல்லச் சொன்னார். அம்மம்மா 2005 இல் மறைந்தாராம். கணினி இடப்பெயர்வில் எங்கோ போயிற்றாம். இறுவட்டு ஒன்று மட்டும் அலுமாரியிலிருந்து பின்னர்க் கிடைத்ததாம். அதன் முகம் கீறுண்டு, எவ்வியந்திரமும் அதனை ஏற்கவில்லையாம். "அம்மாவுக்கு முற்பாதி நினைவிருக்கிறது, சேர். முடிவு ஒருவருக்கும் தெரியாது" என்றார். அவர் குரலிற் குறை கூறும் சாயல் சிறிதும் இருந்ததில்லை. அதுவே எம்மை மிகவும் வருத்திற்று. அன்று யாம் ஐந்து நிமிடம் செலவிட்டுக் கேட்டிருந்தால், அக்கதையின் முடிவை அறிந்தார் உலகில் ஒருவராவது இன்று இருந்திருப்பர். அந்த ஒருவர் யாமாக இருந்திருப்போம். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் மாணவரிடம் அவ்வாறு கேட்டல் நம் வழக்கிலே அரிது. அவர் எம் கையைப் பற்றி, "விடுங்கள் சேர், இறங்கும் இடம் வந்துவிட்டது" என்றார்.

ஊர் திரும்பிய பின் எம் வகுப்பில் அவ்வொப்படையை மீண்டும் தொடங்கினோம். இப்போது கொப்பியும் ஏற்கப்படும். கைப்பேசியிற் பதிந்த குரலும் ஏற்கப்படும். வரைந்த படமும், கணினியில் ஆக்கிய அசைபடமும் ஏற்கப்படும். ஆனால் எதனைக் கொண்டு வரினும் மாணவர் முதலில் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுதல் வேண்டும். இக்கதையைச் சொன்னவர் யார்? அதனைப் பிறர்க்குக் காட்டலாமா என்று அவரிடம் கேட்டீரா? காட்டலாகாது என்று அவர் சொன்ன பகுதி யாது? மூன்றாம் வினாவுக்கு விடையுண்டெனின் அப்பகுதியை எமக்கும் காட்ட வேண்டுவதில்லை. இரண்டு மூன்று பிள்ளைகள் அவ்வாறு எழுதி, வெற்றுத்தாள் ஒன்றை இணைத்துத் தந்தனர். அத்தாளுக்கும் புள்ளியிட்டோம்.

சென்ற ஆண்டு அம்மாணவரிடமிருந்து ஒரு சிறு படைப்பு வந்தது. தாயார் நினைவுகூர்ந்த முற்பாதிக் கதைக்கு அவர் மீண்டும் படம் அமைத்திருந்தார். நெடுந்தீவுக் கடல் அதில் இருந்தது. கற்களை அடுக்கிய வேலிகளும் இருந்தன. கதை அறுந்த இடத்தில் அவர் ஒரு முடிவைப் புனைந்து சேர்க்கவில்லை. திரை இருண்டது, அலையோசை மட்டும் சிறிது நேரம் கேட்டது, பின்னர் அதுவும் நின்றது. அவ்விருளை எம்மால் நெடுநேரம் பார்த்திருக்க முடியவில்லை.

கடல் கடந்தும் உள்நாட்டிலும் வாழும் பழைய மாணவ அன்பர்களே, உங்கள் வீடுகளில் இன்னும் குரல் உள்ள மூத்தோர் இருப்பின், அவரிடம் அமர்ந்து கேளுங்கள். எக்கருவியிற் பதிவது என்பது பின்னர்ச் சிந்திக்கத்தக்கது. முதலிற் கேட்டலே வேண்டும். கனடாவில் வாழ்வோர் தாம் நிற்கும் நிலத்தின் மொழியில் விடியலுக்கு என்ன பெயர் என்பதையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாராக. இக்கட்டுரையில் எம்மை யாம் எனக் குறித்துவந்தோம். பிழை எம்முடையதாதலின் அதிற் பிறரை உளப்படுத்தல் முறையன்று. இனிச் செய்யவேண்டிய பணியைக் குறிக்கும்போது மட்டும், மாணவரையும் ஆசிரியரையும் பழைய மாணவரையும் உளப்படுத்தி, நாம் என்று சொல்ல விரும்புகின்றோம்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.